அளவு நோட்டும் சோதனை உத்தரவும்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, கைமணியை அதன் பக்கத்தில் வைத்து, நான் வாய் திறக்கும் முன்பே "இருபது நிமிடம்" என்று விரலால் காட்டிவிட்ட விழாத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! சட்டத்தைப் பற்றி நான் தப்பாக ஏதாவது உளறினால் உடனே தொண்டையைச் செருமுவதாக வாக்குக் கொடுத்திருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே! காலையிலிருந்து நாற்காலி சுமந்து, களைத்து, கடைசியில் தமக்கென்று ஒரு நாற்காலி இல்லாமல் நிற்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே! வயதால் மூத்து, வாழ்த்துவதற்கென்றே வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்த ஐயம் அணுவளவும் இல்லாமல் அமர்ந்திருக்கும் தந்தைமார்களே! பேச்சு பிடிக்காவிட்டால் பேசாமல் நழுவுவதற்கு வசதியாக வாசலோரம் வரிசை கட்டியிருக்கும் வாலிபச் செல்வங்களே!

முன்வரிசை மூன்றாவது நாற்காலியில், சீருடை இல்லாமலும் சிரிப்பைக் கழற்றாமலும் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஐயா அவர்களே! அழைத்ததும் வந்தீர்கள், அதற்கே உங்களுக்குத் தனி வணக்கம். எல்லோருக்கும் பின்னால், தூண் மறைவில், என் பேச்சில் நம்பிக்கை இல்லாததால் கையோடு ஒரு சட்டையும் ஊசியும் கொண்டுவந்து கொக்கி தைத்துக்கொண்டிருக்கும் தையற்கலைஞரே! "என் இல்லத்தரசி" என்று அழைத்தால் இறங்கியதும் ஊசியாலேயே குத்துவார், ஆகவே தொழிலைச் சொல்லியே அழைக்கிறேன். அனைவருக்கும் என் அன்பு கலந்த, அடக்கம் கலந்த, கொஞ்சம் அச்சமும் கலந்த வணக்கம்!

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "காவலர் கதவைத் தட்டினால்?" என்பது. கேள்விக்குறியோடு கொடுத்திருக்கிறார். தட்டினால் திறப்பதா, திறந்தால் விடுவதா, விட்டால் விடியுமா என்று நாம் எல்லோரும் திகைக்கும் கேள்வி அது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்னது. நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவோடு வந்தால், உத்தரவை வாங்கிப் படியுங்கள், வழி விடுங்கள். உத்தரவு இல்லாமல் வந்து, "உள்ளே பார்க்கலாமா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே யாரோ உயிருக்கு அலறுகிறார்கள், ஓடிவந்த திருடன் ஒருவன் உங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டான் என்றால் அது வேறு கதை.

வழக்கறிஞர் ஐயா செருமவில்லை. தேறிவிட்டேன்.

"பார்க்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார் என்றால், அது கேள்வி. கேள்வி என்றால் அதற்கு இரண்டு பதில் இருக்கவேண்டும் அல்லவா? கடைக்காரர் "இந்தச் செருப்பு வேணுமா?" என்றால் வேண்டாம் என்கிறோம். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் "ஜன்னலைச் சாத்தலாமா?" என்றால் வேண்டாம் என்கிறோம். சொந்த மாமியார் "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமா?" என்றால் கூட... வேண்டாம், அந்த உதாரணம் வேண்டாம், முன்வரிசையில் சில முகங்கள் மாறுகின்றன. சொல்ல வந்தது இதுதான். ஊரெல்லாம் உரக்கச் சொல்லும் "வேண்டாம்" என்ற சொல், சீருடையைக் கண்டதும் ஏன் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது?

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வீட்டில், என் கண்ணெதிரில், என் வாயாலேயே வந்த வினை அது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை, இதே போன்ற ஒரு மேடையில், "உரிமை" என்ற தலைப்பில் உங்கள் அன்பனாகிய நான் ஒரு மணி நேரம் முழங்கினேன். "உயிர் போனாலும் உரிமையை விடேன்! உடல் வீழ்ந்தாலும் உறுதியை விடேன்!" என்று நான் மேசையைக் குத்தியதில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அதைக் கூடத்து அலமாரியில், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணி. கதவு தட்டப்பட்டது.

எங்கள் வீட்டை உங்களில் பலர் அறிவீர்கள். முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஓர் அறை. பின்னால் இருக்கும் அந்த அறை என் மனைவியின் தையலறை. இரண்டு தையல் எந்திரங்கள், துணி வெட்டுவதற்கு ஓர் அகல மேசை, ஆளுயரக் கண்ணாடி, போட்டுப் பார்ப்பதற்கு மூலையில் ஒரு திரை, தரையெல்லாம் நூல் துணுக்கு. இவை எந்தத் தையலறையிலும் இருக்கும். எந்தத் தையலறையிலும் இல்லாத ஒன்று இங்கே உண்டு. வழக்கமாக வரும் பெண்களுக்கு, ஒரு தோள் தாழ்ந்தவர், முதுகு வளைந்தவர், எந்தக் கடைச் சட்டையும் பொருந்தாதவர், அவரவர் உடம்பின் அளவுக்கே பஞ்சும் கோணித்துணியும் வைத்து ஓர் உருவம் செய்து நிறுத்திவிடுவார் என் மனைவி. ஒவ்வொரு உருவத்தின் கழுத்திலும் ஒரு பெயர்ச்சீட்டு குத்தியிருக்கும். ஆக, நம் குடியிருப்புப் பெண்களில் ஒரு பத்துப் பதினைந்து பேர், தலையில்லாமல், பெயரோடு, என் வீட்டுப் பின்னறையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்!

சிரிக்கிறீர்கள். அவர்கள் அந்த அறையில் உடை மாற்றுகிறார்கள், உடம்பைக் காட்டுகிறார்கள், உடம்போடு கவலையையும் காட்டுகிறார்கள். அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு, ஆண் வாடை ஆகாது. எனக்கும் சேர்த்துத்தான். இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் அந்த அறைக்குள் நான் நான்கு முறை போயிருக்கிறேன். மூன்று முறை பல்பு மாற்ற, ஒரு முறை தட்டாமல் நுழைந்து திட்டு வாங்க. பல்பு மாற்றப் போகும்போதும் எல்லா உருவங்களுக்கும் போர்வை போர்த்திவிட்டுத்தான் என்னை உள்ளே விடுவார். ஏணிமேல் நின்று கீழே பார்த்தால் மருத்துவமனை வார்டு மாதிரி இருக்கும்.

கதவைத் திறந்தேன். ஓர் ஆய்வாளர், இதோ, இந்த ஐயாதான். அவருக்குப் பின்னால் நெடுநெடுவென்று ஒரு கான்ஸ்டபிள், அவருக்கும் பின்னால் ஒரு பெண் காவலர். ஐயா சொன்னார்:

"பள்ளிக்கூட யூனிஃபார்ம் கிடங்குல நாலு கட்டு நீலத்துணி காணோம். உங்க வீட்டுக்குள்ள நீலத்துணி போகுதுன்னு ஒருத்தர் போன்ல சொன்னார். சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுறோம்."

உரிமைக்கு உயிரைக் கொடுப்பதாகச் சொன்னவன், கோப்பை வாங்கியவன், என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்? நெஞ்சை நிமிர்த்தினானா? நீதியைக் கேட்டானா? பனியனோடு நின்ற அந்த வீரன் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்தான். நாற்காலியைத் துண்டால் துடைத்தான். பல்லெல்லாம் தெரியச் சொன்னான்:

"வாங்க சார், வாங்க! நம்ம வீடுதான், தாராளமா பாருங்க! எந்த ரூம் வேணும்னாலும் பாருங்க!"

இது நம் பரம்பரை வியாதி, ஐயா! வாசலில் நிழல் விழுந்தால் வாய் தானாக "வாங்க" என்கிறது. வந்தவர் நிற்க, நாம் உட்கார்ந்திருந்தால் உடம்பு கூசுகிறது. வந்தவரை மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்துவிட்டோம். விருந்தாளிக்குச் செய்யவேண்டிய உபசாரத்தையெல்லாம் சோதனைக்கு வந்தவருக்குச் செய்துவிட்டு, பிறகு "ஐயோ, உள்ளே வந்துவிட்டார்களே" என்று அழுகிறோம். யார் அழைத்தது? நாம்தான் அழைத்தோம். முப்பது ஆண்டு தபால் நிலையத்தில் ஊர்வாரியாக உறைகளை அடுக்கியவன் நான், ஒட்டிய உறை ஒன்றைக்கூட ஓரம் தூக்கிப் பார்த்தவன் இல்லை. அப்படிப்பட்ட நான், ஊர்ப் பெண்களின் ரகசியமெல்லாம் நின்றுகொண்டிருந்த அறையை ஒரே வாக்கியத்தில் திறந்துவிட்டேன்.

ஆய்வாளர் ஐயா இரண்டு அடி எடுத்து வைத்தார். தையலறைக் கதவு திறந்தது. என் மனைவி வெளியே வந்து, கதவைத் தம் முதுகுக்குப் பின்னால் சாத்தினார். கழுத்தில் அளவு நாடா. உதடுகளுக்கு நடுவே நான்கு குண்டூசி. குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசமுடியாது, அது தையல்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றாக மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பையில் குத்தினார். முதல் ஊசி. இரண்டாவது ஊசி. மூன்றாவது. காவல்துறை முழுவதும் காத்திருந்தது. நான்காவதையும் குத்திவிட்டுச் சொன்னார்:

"வாங்க சார். உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா? கூடத்துல எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காரலாம். இந்த ரூமுக்குள்ள போக உத்தரவு கொண்டு வந்திருக்கீங்களா?"

"உங்க வீட்டுக்காரரே பாருங்கன்னு சொல்லிட்டாரேம்மா."

"அவரு யாரு வந்தாலும் அப்படித்தான் சொல்வாரு சார். போன வாரம் குழாய் ரிப்பேர்காரர் வீடு மாறி வந்துட்டாரு. அவரையும் உள்ள கூப்பிட்டு, நல்லா ஓடிட்டிருந்த குழாயைக் கழட்ட வெச்சுட்டாரு. மூணு நாள் தண்ணி இல்ல."

உண்மைதான், அம்மா, ஏன் அவ்வளவு பலமாகச் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் போல.

"இது என் தொழில் ரூம்," என்றார் என் மனைவி. "இதுக்கு நான்தான் சொல்லணும். நான் சம்மதிக்கல."

சம்மதிக்கல! இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஆய்வாளர் ஐயாவின் முகம் எப்படிப் போனது தெரியுமா? ஐயா, சொல்லலாம் அல்லவா? தலையாட்டுகிறார். இதுவரை எந்த வீட்டிலும் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லையாம். அவரே பிறகு சொன்னார். அப்போது, உலகத்துச் சோதனைகள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் அந்தக் கேள்வியை அவரும் கேட்டார்:

"ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னா உங்களுக்கு என்னம்மா பயம்?"

ஆகா! அருமையான கேள்வி! அறிவாளிகளையே வாயடைக்க வைக்கும் கேள்வி! நான் கேட்கிறேன், குளியலறைக்குக் கதவு வைத்தவன் கொலைகாரனா? கடிதத்துக்கு உறை போட்டவன் கள்வனா? படுக்கையறை ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டவள் சதிகாரியா? நாட்குறிப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் பதினாறு வயது மகள் தேசத்துரோகியா? ஒளிப்பது வேறு, ஒதுக்கி வைப்பது வேறு. வீடு என்று ஒன்றைக் கட்டியதே ஊர் கண்ணுக்கு எட்டாத நான்கு சுவர் வேண்டும் என்றுதானே!

இவையெல்லாம் இன்று மேடையில் எனக்குத் தோன்றுபவை. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வியர்வை மட்டும் தோன்றியது. பதில் சொன்னவர் என் மனைவி. இந்த இடத்தில் ஆய்வாளர் ஐயாவின் கால்சட்டை கதைக்குள் வருகிறது. பதறாதீர்கள், முறைப்படி நேற்றே அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். "கதையைச் சொல்லிக்கோங்க, அளவை மட்டும் சொல்லாதீங்க," என்றார். அளவு எனக்குத் தெரியவே தெரியாது, ஐயா, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

என் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், போன மாசம் உங்க யூனிஃபார்ம் பேண்ட்டைக் கொடுத்தனுப்பி, இடுப்பைப் பிரிச்சு விடச் சொன்னீங்க."

ஆய்வாளரின் கை இடுப்புவாருக்குப் போனது. நெடுநெடுக் கான்ஸ்டபிள் திடீரென்று எங்கள் வீட்டுக் கூரையை ஆராயத் தொடங்கினார். பெண் காவலருக்கு இருமல் வந்தது.

"உங்க அளவு உள்ள நோட்டுல எழுதியிருக்கு. போன வருஷ அளவும் இருக்கு, இந்த வருஷ அளவும் இருக்கு. இவங்க ரெண்டு பேரும் 'ஒரு பார்வை பாத்துட்டுத் தர்றோம்'னு கேட்டா, நான் எடுத்துக் குடுக்கட்டுமா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா..."

"உங்ககிட்டயும் ஒளிக்க ஒண்ணும் இல்லையே சார்."

ஆய்வாளரின் கை இடுப்புவாரை விட்டு இறங்கவில்லை. அதன்பிறகு என் மனைவி சொன்னதுதான் இந்த மேடைப் பேச்சுக்காரன் எழுதி வைத்து மனப்பாடம் செய்யவேண்டிய பேச்சு.

"குடுக்க மாட்டேன் சார். யார் கேட்டாலும் உங்களோடதைக் காட்ட மாட்டேன். அதே மாதிரி, நீங்க கேட்டாலும் மத்தவங்களோடதைக் காட்ட மாட்டேன்."

கைதட்டுங்கள், தட்டுங்கள். தூணுக்குப் பின்னால் பார்த்துத் தட்டுங்கள். எனக்கு இல்லை அந்தக் கைதட்டல்.

இத்தோடு முடிந்தது, காவலர் தலை குனிந்து போனார், நாங்கள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆய்வாளருக்குக் கோபம் வந்தது. தம் ஆட்களின் முன்னால் இடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் யாருக்குத்தான் வராது? குரல் உயர்ந்தது. "உத்தரவோட வந்தேன்னா இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன். ஒரு துணி விடாம வாசல்ல கொட்டித்தான் பாப்பேன். ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல வந்து உக்கார வேண்டியிருக்கும்," என்றார்.

அங்கேதான் நான் என் மனைவியின் முன் கோழையாகிப் போனேன். காதோரம் போய்க் கெஞ்சினேன். "காட்டிட்டா போயிடுவாங்கல்ல? நம்மகிட்டதான் ஒண்ணும் இல்லையே!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லேன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

நான்கு கட்டு நீலத்துணியும் உள்ளேதான் இருக்கிறதா? "அப்போ... உள்ள என்னதான் இருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

கட்டிய கணவனிடம் சொல்லவில்லை, ஐயா! சொல்லவே இல்லை! அப்போது நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் கழுத்திலிருந்து தொங்கிய அளவு நாடாவின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் காற்று இல்லை. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி பயமே அறியாதவர் என்று இத்தனை நேரம் நீங்கள் நினைத்திருந்தால் தவறு. பயந்துகொண்டேதான் நின்றார். பயந்துகொண்டே கதவை விடாமல் நின்றார். எனக்கு அப்போது என்மேல் வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது.

ஒரு மணி நேரம் முழங்குகிறவன், அன்று இரண்டே இரண்டு வாக்கியம் பேசினேன். குரல் கீச்சென்று வந்தது. "சார், நான் முன்னாடி சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன். எனக்கும் சம்மதம் இல்ல." அவ்வளவுதான். மேசை குத்தவில்லை, குவளை கவிழவில்லை, கோப்பையும் யாரும் தரவில்லை. என் வாழ்நாளில் நான் பேசிய நல்ல பேச்சு அது ஒன்றுதான் என்று என் மனைவி இன்றுவரை சொல்கிறார்.

சொன்ன சம்மதத்தைத் திரும்பப் பெறலாமா? வழக்கறிஞர் ஐயா, செருமுகிறீர்களா? இல்லை. பெறலாம். "வாங்க" என்று சொல்லிவிட்டோமே, இனி என்ன செய்வது என்று எந்தத் தாயும் கலங்கவேண்டாம். "போதும், நிறுத்துங்கள், எனக்குச் சம்மதமில்லை" என்று எப்போதும் சொல்லலாம். ஆனால் ஒன்று, இளைஞர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மீறி நுழைந்தால் தள்ளாதீர்கள், தடுக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். சம்மதமில்லை என்று உரக்கச் சொல்லுங்கள், அக்கம்பக்கம் கேட்கச் சொல்லுங்கள், யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று நினைவில் வையுங்கள். மல்லுக்கட்டினால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள், வாயால் மறுத்தால் நீங்கள் குடிமகன். மிச்சத்தை இதோ இந்த வழக்கறிஞர் ஐயா நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வார்.

தலைவர் அம்மையார் மணியைத் தொட்டுவிட்டார். தொட்டார், அடிக்கவில்லை. இன்னும் ஐந்தே நிமிடம், அம்மா, கதை கழுத்தளவில் நிற்கிறது.

ஆய்வாளர் ஐயா உத்தரவு வாங்கக் கிளம்பினார். கான்ஸ்டபிளை வாசலில் காவலுக்கு விட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம், தேநீர் கொடுத்தோம். அவர் சட்டையில் ஒரு பொத்தான் ஆடியது. என் மனைவிக்கு ஆடும் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. சட்டையைக் கழற்றாமல் அவர் நின்றபடியே இருக்க, தைத்துக் கொடுத்தார். காவலுக்கு வந்தவர் பொத்தான் தைத்துக்கொண்டு, "அக்கா, இந்தக் கையும் கொஞ்சம் நீளமா இருக்குல்ல?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

நீதிபதி வீட்டில் நடந்ததை ஆய்வாளர் ஐயாவே எனக்குச் சொன்னார். உத்தரவு கேட்கும் மனுவில் "காரணம்" என்று ஓர் இடம் இருக்கிறதாம். அதில் என்ன எழுதுவது? நீதிபதி கேட்டாராம், தகவல் சொன்னது யார்? போனில் ஒருவர். பெயர்? சொல்லவில்லை. திருட்டுத்துணி என்று அவருக்கு எப்படித் தெரியும்? நீலமாக இருந்ததாம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்: "தையல்காரங்க வீட்டுக்குத் துணி போகாம, சிமெண்ட் மூட்டையா போகும்?"

கையெழுத்து விழவில்லை. இரண்டு நாள் கழித்து நான்கு கட்டுத் துணியும் கிடங்கிலேயே, பழைய சாக்குகளுக்குப் பின்னால், யாரும் திருடாமல் பத்திரமாகக் கிடந்தன.

கவனியுங்கள், ஐயா! எந்த வாளும் உருவப்படவில்லை, எந்தக் கொடியும் ஏற்றப்படவில்லை. ஒரு பெண் "உத்தரவு எங்கே?" என்றார். அதனால் ஓர் அதிகாரி "காரணம் என்ன?" என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. காரணம் இருந்தால் உத்தரவு வரும், கதவு திறக்கும், நாமும் வழி விடுவோம். காரணம் இல்லாதபோது கதவு ஏன் திறக்கவேண்டும்? நல்ல காவலருக்கு நம் மறுப்பால் நட்டம் ஒன்றுமில்லை. பெயர் சொல்லாமல் போன் போட்டு அண்டைவீட்டாரைப் பழிவாங்கும் அந்தப் புண்ணியவானுக்குத்தான் நட்டம்!

ஆனால் அந்த அறைக்குள் அன்று என்ன இருந்தது? எட்டு ஆண்டு எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தேன். என் மனைவி சொல்லவில்லை.

போன மாதம், நான் இந்தக் கூட்டத்தில் பேசப்போகிறேன் என்று செய்தி பரவியதும், ஒரு சகோதரி வீட்டுக்கு வந்தார். நேரே தையலறைக்குப் போகாமல், கூடத்தில் என் எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணா, அந்தக் கதையை மேடையில சொல்லப் போறீங்களாமே. உங்களுக்கு அதுல பாதிதான் தெரியும்," என்றார். "அந்த வருஷம் எனக்கு ஒரு பக்க மார்பை எடுத்துட்டாங்கண்ணா. வீட்டுக்காரருக்கும் டெய்லர் அக்காவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வேலைக்குத் திரும்பப் போகணும். ரெண்டு பக்கமும் ஒண்ணா தெரியற மாதிரி, உள்ள பஞ்சு வெச்சு எனக்கு அக்காதான் சட்டை தெச்சுக் குடுத்தாங்க. அதுக்காக என் அளவுக்கு உருவம் செஞ்சு, ஒரு பக்கம் இல்லாம, பேர் எழுதி, கதவுக்கு நேரா நிறுத்தியிருந்தாங்க. அன்னிக்குக் கதவு திறந்திருந்தா முதல்ல கண்ணுல படுறது நான்தான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு!

"பாவம்னு யாராவது பாத்தா எனக்கு ஆகாதுண்ணா. என்னை வழக்கம் போல திட்டுற மேனேஜரும், வழக்கம் போல வம்பிழுக்கிற தோழிங்களும்தான் எனக்கு வேணும். அது அப்படியே கிடைச்சுது. இப்ப சொல்லலாம். என் பேரை மட்டும் விட்டுடுங்க. நானும் வந்து உக்காந்து கேக்கறேன்."

அந்தச் சகோதரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். இன்று வந்திருக்கிறார். இந்த அரங்கத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.

பார்த்தீர்களா! பார்த்தீர்களா! வாக்கியத்தை நான் முடிக்கவில்லை, முந்நூறு தலைகள் திரும்பிவிட்டன! இடப்பக்கம் எட்டிப் பார்க்கிறீர்கள், வலப்பக்கம் வளைந்து பார்க்கிறீர்கள், அந்தப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்! யாரைத் தேடுகிறீர்கள், ஐயா? யாருடைய சட்டையை உற்றுப் பார்க்கிறீர்கள், அம்மா? எந்த உத்தரவு இருக்கிறது உங்கள் கையில்? எந்த நீதிபதி கையெழுத்திட்டார்? சீருடை வேண்டாம், தொப்பி வேண்டாம், இரண்டு கண் இருந்தால் நாமும் சோதனைக்குக் கிளம்பிவிடுகிறோமே!

இப்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறீர்கள். நன்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் உங்களில் ஒருவன்தான்.

மேடையில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு, எல்லா முகமும் தெரியும். இந்த அரங்கத்தில் ஒரே ஒரு தலை திரும்பவில்லை. ஆய்வாளர் ஐயா, நீங்கள் திரும்பவில்லை. அரங்கமே திரும்பியபோது நீங்கள் குனிந்து உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று அந்தக் கதவைத் திறந்து முதலில் உள்ளே போயிருக்கவேண்டிய ஆள் நீங்கள். அது திறக்காமல் போனதற்காக உங்களைவிட நிம்மதி அடைந்தவர் இங்கே யாரும் இல்லை என்று உங்கள் முகம் சொல்கிறது. அந்தச் சகோதரியின் சார்பில், உங்களுக்கு என் நன்றி.

மணியை அடிக்காமல் விரலால் பொத்திப் பிடித்திருக்கும் தலைவர் அம்மையாருக்கும், ஒருமுறை கூடச் செருமாத வழக்கறிஞர் ஐயாவுக்கும், சிரிக்கும் இடத்தில் சிரித்து, வெட்கப்படவேண்டிய இடத்தில் வெட்கப்பட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அது உங்கள் கதவு.

வணக்கம்!